வண்டுச் சான்றிதழ்

மெரிபேங்கில் தெருக்களுக்கு இந்திய ஊர்களின் பெயர்.
அதில் ஓர் ஊரின் முட்டுச்சந்தில்
மஞ்சள் கேட் போட்ட வீடு.
கேட்கும் விலை பதினொரு லட்சம் ராண்ட்.
என் கையில் பதினான்கு பக்க அறிக்கை,
ராத்திரி ஷிஃப்ட் முடிந்த கண்.

நேற்று பரிசோதகர் ங்கிடி
ஏணி வைத்துக் கூரைக்குள் போனார்.
வெகுநேரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.
இறங்கியபோது புருவத்தில் மரமாவு.
'வண்டு, மேடம். தின்று முடிக்கவில்லை,
தின்றுகொண்டிருக்கிறது.'
இந்தக் கரையோரத்தில் வீடு கைமாற வேண்டுமானால்
வண்டில்லை என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும்.
வண்டில்லை என்னும் அந்தத் தாளுக்குப் பெயர்
வண்டுச் சான்றிதழ்.

பூபாலன் படையாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு
முதல் பக்கத்தைப் படிக்கிறார்,
தன் மகனைப் பற்றிப் பள்ளியிலிருந்து வந்த
புகார்க் கடிதத்தைப் போல.
ஈரம்? கடல் பக்கத்தில் யார் வீட்டில்தான் இல்லை.
கல்நார் கூரை? தெரு முழுக்க அதுதான்.
பின்னறைக்கு வரைபட அனுமதி?
'கேட்டோம். முனிசிபாலிட்டி பதில் போடவில்லை.'
எந்த வருஷம் கேட்டீர்கள் என்றேன்.
தேநீரைக் கலக்கினார்.

ஒன்பதாம் பக்கம், அடுக்களைச் சுவரில் விரிசல்.
திரும்பிப் பார்த்தேன்.
விரிசல் இல்லை. பெயிண்ட் வாசனை இருந்தது.
அவர் கட்டைவிரல் நகத்தில்
சுவரின் அதே இளம்பச்சை.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
இருவரும் ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டோம்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.
பைக்குள் வங்கிக் கடிதம்,
பதினொரு லட்சத்துக்கும் சம்மதம் என்று.
கூரையைச் சரிசெய்ய அறுபத்திரண்டாயிரம் என்று
ஆசாரி எழுதித் தந்த தாளும் அங்கேதான்.
நான் குறைக்கக் கேட்டதோ தொண்ணூறு.
மிச்ச இருபத்தெட்டு
ங்கிடியின் டார்ச்சுக்குச் சிக்காத வண்டு.

'தொண்ணூறா!' சிரிப்பு இருமலில் முடிந்தது.
முப்பது என்றார்.
எண்பத்தைந்து என்றேன்.
'உள்ளது உள்ளபடி விற்பனை என்று
ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே.'
'தெரிந்தே மறைத்தால் அந்த வரி நிற்காது.'
சொல்லும்போது நகத்தை நான் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதற்குத்தான்
அதிக பலம் வேண்டியிருந்தது.

எல்லாம் ஆங்கிலத்தில்.
கதவோரம் நின்ற சாலாட்சி மட்டும்
துண்டில் கையைத் துடைத்தபடி தமிழில் முனகினாள்:
'முடிச்சு விடுங்க. வர்றவங்க எல்லாம்
அந்தச் சீட்டப் படிச்சிட்டு ஓடிடுறாங்க.'
எனக்குத் தமிழ் தெரியாதென்று நினைத்திருப்பாள்.
எழுபத்தைந்துக்கு இறங்கவிருந்த வாய்
மூடிக்கொண்டது.
சுவர்க் கடிகாரம் கொஞ்ச நேரம்
எனக்காகப் பேரம் பேசியது.

எண்பதில் முடிந்தது. கை குலுக்கினோம்.
ஈரம் அவர் உள்ளங்கையிலா என்னுடையதிலா,
அதற்குக் கருவி இல்லை.

கேட் வரை வந்தார்.
தாழ்ப்பாளைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு,
'இன்னொன்று. அறிக்கையில் வரவில்லை.
பெருமழை பெய்தால் கராஜுக்குள் தண்ணீர் ஏறும்.
கதவடியில் மண்மூட்டை அடுக்கினால் நிற்கும்.
மூட்டைகளை விட்டுவிட்டுப் போகிறேன்,
காசு வேண்டாம்' என்றார்.

இதற்கே இன்னொரு இருபதாயிரம் கேட்கலாம்.
கார்ச் சாவியைத் துழாவினேன்.
பைக்குள் இரண்டு தாள்களும் உரசிக்கொண்டன,
மரத்துக்குள் ஏதோ தின்பதைப் போல.

'எத்தனை மூட்டை இருக்குங்க?' என்றேன்,
தமிழில்.

அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை.
அடுக்களை ஜன்னலைத்தான் பார்த்தார்.